அக்கா பேசிய நிமிடங்கள்

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக ஒருத்தி உலோகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சுத்தம் என்றதும் துணியும் தண்ணீரும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த உலோகத் துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான். அது இருந்தது ஓர் எஃகுக் கலத்துக்குள். கலத்தில் இருக்கிற காற்றையெல்லாம் பம்புகள் ஓயாமல் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வெற்றிடத்துக்குள் ஆர்கான் வாயுவைத் துளி விட்டு, அதன் அயனிகளைத் துண்டின்மேல் எய்து, ஒட்டிய அழுக்கைப் பெயர்த்து, பிறகு சூடாக்கி, ஆறவிட்டு எடுக்க வேண்டும். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் பதினொன்றரை ஆகிவிடும். வெற்றிடத்தை அங்கே எல்லோரும் வேக்கம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அவள் வேக்கம்மா. பெயர் வைத்தவன் பட்டம் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டான், பெயர் தங்கிவிட்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

வயது ஐம்பத்துநாலு. கல்யாணம் அமையவில்லை. ஏன் அமையவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. காலையில் ஒரு டம்ளர், ராத்திரியில் ஒரு தட்டு கழுவினால் வீட்டு வேலை முடிந்தது. எதிர் வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், இவளும் அசைப்பாள். பதினோரு வருடத்தில் அந்தச் சிநேகம் தலையசைப்பைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை.

சுத்தம் செய்கிறவளுக்கு ஆராய்ச்சி என்ன தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். அங்கே நடக்கிற வேலையை அவளைப் போலச் சுருக்கமாகச் சொல்லப் பேராசிரியராலேயே முடியாது. காந்தமாக இருக்கிற ஒரு கலப்பு உலோகத்தின்மேல் லேசர் ஒளியை மிகச் சின்னத் துண்டாக நறுக்கி அடிக்கிறார்கள். அடி விழுந்ததும் அந்த இடத்தில் காந்தம் மங்குகிறது. எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று பார்க்க இன்னொரு துண்டு ஒளி பின்னாலேயே வருகிறது. நேரம் என்றால் நம் கைக்கடிகார நேரம் இல்லை. ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஃபெம்டோ நொடி. அந்தக் கணக்கில் நூறு, இருநூறு, அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிடும்.

திரும்பி வருகிற சிவப்பு ஒளி உலோகத்தின் உள்ளே என்ன நடந்தது என்று சொல்லும். மேல் தோலிலிருந்து மட்டும் துளியூண்டு நீல ஒளி கிளம்பும். அது மேற்பரப்பில் என்ன நடந்தது என்று சொல்லும். உள்ளும் மேலும் ஒன்றாக மங்குகின்றனவா, ஒன்று பின்தங்குகிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மேற்பரப்பில் வேண்டாத வாயு ஓர் அடுக்கு ஒட்டிக்கொண்டாலும் நீல ஒளி பேச்சை மாற்றிவிடும். அதனால்தான் வேக்கம்மா காலையில் மூன்று மணி நேரம் அந்த நகத்துண்டோடு மல்லுக்கட்டுகிறாள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. தேதி, அழுத்தம், சூடு, சுத்தம் முடிந்த நேரம் என்று கட்டம் போட்டு, பத்தொன்பது வருடமாக ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவந்தாள். அந்தப் பழைய கலத்தின் விவரங்களைக் கணினி எழுதி வைக்காது, அவள் கைதான் எழுத வேண்டும். புதிதாக யார் சேர்ந்தாலும் பேராசிரியர் அந்த நோட்டை எடுத்துக் காட்டுவார். "ஆராய்ச்சி பண்றது எப்படின்னு அப்புறம் சொல்றேன். எழுதி வெக்கிறது எப்படின்னு முதல்ல இதப் பாருங்க." அப்போதெல்லாம் அவள் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பாராட்டை எல்லாம் கூட்டினால் பாதிக்கு மேல் அந்த நோட்டுக்குக் கிடைத்ததுதான்.

மீதிப் பாதி அக்காவிடமிருந்து வந்தது. அக்கா அவளைவிட ஏழு வயது மூத்தவள். ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய ஊரில், அத்தான் போன பிறகு தனியாக இருந்தாள். திங்களும் வியாழனும் பதினொன்றரை மணிக்கு அக்கா போன் செய்வாள். ஏன் அந்த இரண்டு நாள் என்றால், அன்றைக்குத்தான் வேலைக்காரப் பெண் வந்து வீடு முழுக்கத் துடைப்பாள். தரை காய்கிற வரைக்கும் அக்கா பால்கனி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "தரை காயட்டும், அதுவரைக்கும் பேசலாம்" என்றுதான் ஆரம்பிப்பாள். எந்தத் தரையும் காய ஐம்பது நிமிடம் ஆகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த எஃகு அறைக்குள் சிக்னல் வராது. மாடிப்படியின் முதல் திருப்பத்தில், ஜன்னலை ஒட்டி நின்றால் வரும். பதினொன்றரைக்குச் சுத்தம் முடிந்ததும் வேக்கம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அங்கே போய் நிற்பாள், போன் அடிக்கும். அக்காவின் முழங்கால், மேல் வீட்டு மாமியார் மருமகள் சண்டை, சொட்டுகிற குழாய், அதைச் சரிசெய்ய வருகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பிளம்பர். அக்கா பேசுவாள், இவள் கேட்பாள். நடுவில் "நீ சாப்பிட்டியா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று அக்கா கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவள் அத்தனை குழாய்க் கதையையும் கேட்டாள்.

பேசி முடித்து வந்து, துண்டை நீளக் கம்பியால், லேசர் விழுகிற, இன்னும் சுத்தமான பக்கத்துக் கலத்துக்குத் தள்ளி, லேசர் அறைக்குச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதுவாள். சுத்தம் முடிந்த நேரம், தோராயமாகப் பன்னிரண்டு பத்து. உண்மையில் முடிந்தது பதினொன்றரை. இதை அவள் ஒரு பொய்யாகவே நினைத்ததில்லை. முன்பெல்லாம் அங்கே இருந்தது இரும்பும் நிக்கலும் கலந்த துண்டு. நல்ல பிள்ளை அது. வெற்றிடத்தில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நாற்பது நிமிடம் சும்மா இருந்ததைப் போய் எழுதுவானேன் என்று விட்டுவிட்டாள். பதினாலு மாதத்துக்கு முன் துண்டு மாறியது. இப்போது வந்திருப்பது காடோலினியம் என்ற உலோகம் கலந்தது, சரியான தொட்டாற்சுருங்கி. பம்புக்குத் தப்பி அந்தக் கலத்தில் அலைகிற கொஞ்சநஞ்ச வாயுவையும் தேடிப் பிடித்து மேலே ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், துண்டு மாறியபோது பழக்கத்தை மாற்றத் தோன்றவில்லை.

லேசர் அறையில் இருந்தவளுக்கு முப்பது வயது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் ஏறியே இருக்கும் என்பதால் அவளுக்குக் கண்ணாடி என்று பெயர். முனைவர் பட்டத்துக்கு நாலு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேட்டின் உயிரே ஓர் அத்தியாயம்தான்: உள் காந்தம் மங்கிய பிறகும் மேற்பரப்புக் காந்தம் முப்பது ஃபெம்டோ நொடி பின்தங்கி மங்குகிறது. இதற்கு முன் யாரும் பார்க்காதது. ஒரே தொல்லை, சில நாள் பின்தங்கியது, சில நாள் இல்லை. லேசர் சரியாக அமையாத நாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடைசி இரண்டு மாதமாக அதுவும் குறைந்துகொண்டே வந்து, பிறகு ஒரு நாள்கூடப் பின்தங்கவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று வேக்கம்மாவுக்கு மட்டும் தெரியும். அக்கா மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்த் தங்கிவிட்டாள். முதலில் ஐம்பது நிமிடம் இருபதானது, இருபது ஒன்பதானது. "நேரமே இல்லடி. இவனப் பாத்துக்கறதா, பெரியவளப் பாத்துக்கறதா? அப்புறமா கூப்பிடறேன்." அந்த அப்புறம் வரவில்லை. வேக்கம்மா இரண்டு மூன்று வாரம் பதினொன்றரைக்குப் படிக்கட்டில் போய் நின்று பார்த்தாள். பிறகு சுத்தம் முடிந்த கையோடு துண்டைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். வேலை சுறுசுறுப்பாக நடப்பதாகப் பேராசிரியருக்கு மகிழ்ச்சி.

ஒரு நாள் காலை கண்ணாடி ஒரு பெரிய தாளில் பதினாலு மாத நாள்களையும் கட்டம் கட்டமாக எழுதி, பின்தங்கிய நாள்களுக்குச் சிவப்பு அடித்துச் சுவரில் ஒட்டினாள்.

"வேக்கம்மா, இங்க வாங்களேன். இது எல்லாமே திங்கள், வியாழன். ஒண்ணு ரெண்டு தவிர எல்லாமே. என்னன்னு புரியுதா?"

வேக்கம்மா கிட்டே வந்தாள். தாளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. "லிஃப்ட்டுக்கு ஆயில் போட வர்ற நாளோ என்னவோ" என்றாள்.

லிஃப்ட்டைப் பார்த்தார்கள். அது புதன்கிழமை. பக்கத்துக் கட்டடத்துப் பெரிய காந்தத்தை எப்போது ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தார்கள். தண்ணீர் மோட்டார், குளிர்சாதனம், கூட்டுகிற இயந்திரம் என்று ஒன்றையும் விடவில்லை. பாவம் அந்தப் பெண், மோட்டார் அறைச் சாவிக்காகக் காவலாளியிடம் இரண்டு நாள் அலைந்தாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை. அந்த நோட்டில் தவறு இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றாது.

வேக்கம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை? நோட்டுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினாலு மாதம், வாரம் இரண்டு பொய் நேரம். ஆனால் அது பாதிதான் உண்மை. சொன்னால், திங்களும் வியாழனும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அக்காவோடு பேசினேன் என்று சொல்ல வேண்டும். இப்போது ஏன் இல்லை என்று கேட்பார்கள். அக்கா கூப்பிடுவதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். பதினொன்றரைக்குச் சுத்தம் முடித்துவிட்டு, படிக்கட்டில் போய், அடிக்காத போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு வந்து துண்டைத் தள்ளி, பன்னிரண்டு பத்து என்று எழுதினாள்.

நாலு மணிக்குக் கண்ணாடி ஓடி வந்தாள். "வந்துடுச்சு வேக்கம்மா! முப்பத்தோரு ஃபெம்டோ! வந்துடுச்சு!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமான பெண்தான், ஆனால் பிடி பலமாக இருந்தது. கடைசியாகத் தன்னை யார் கட்டிக்கொண்டார்கள் என்று வேக்கம்மா யோசித்துப் பார்த்தாள். அத்தான் போன அன்றைக்கு அக்கா. அது ஆறு வருடம்.

வியாழக்கிழமையும் நின்றாள். அன்றைக்கும் வந்தது. சும்மா நாற்பது நிமிடம் நின்றால் ஒரு பெண் சிரிக்கிறாள் என்றால், நிற்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று தோன்றியது. சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று அவள் நம்ப ஆரம்பித்தாள். இப்படித்தான் நல்லவர்கள் பெரிய தப்புக்குள் கால் வைக்கிறார்கள்.

மறுவாரம் புதன்கிழமை பேராசிரியர் வந்தார். அவருக்கு 'அவசரமில்ல' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"அவசரமில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டுரைய அனுப்பிடலாம்" என்றார் கண்ணாடியிடம். "திங்கள், வியாழன் ஏன்னு நமக்குத் தெரியல. தெரியலன்னு எழுதுவோம். சுத்தமான மேற்பரப்புலயே சில நேரம் இப்படி ஆகுதுன்னு எழுதுவோம். மேற்பரப்பு சுத்தம்ங்கறதுல சந்தேகமே இல்ல. நோட்டு இருக்கே."

அவர் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். வேக்கம்மா பம்பு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தவள், கையைத் துடைக்காமலே லேசர் அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாமா?"

"வாங்க. ஒளிய மறைச்சிட்டேன், கண்ணாடி போட வேண்டாம்."

"மேற்பரப்பு சுத்தமா இல்லம்மா."

கண்ணாடி திரும்பிப் பார்த்தாள்.

"பின்தங்கற நாள்லாம் துண்டு நாப்பது நிமிஷம் சும்மா கெடந்துச்சு. சில நாள் அம்பது. சுத்தம் பதினொன்றரைக்கே முடிஞ்சிடும். நான் பன்னெண்டு பத்துன்னு எழுதினேன். வாயு ஒட்டியிருக்கும்."

"ஏன் கெடந்துச்சு?"

"எங்க அக்கா போன் பண்ணுவாங்க."

 கண்ணாடி வெடித்தாள். "பதினாலு மாசம் வேக்கம்மா! ரெண்டு வாரமா நான் மோட்டார் ரூம்ல தவழ்ந்துட்டு இருக்கேன்! நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

"போன திங்கக்கிழமை?"

"அன்னிக்கி போன் வரல. நானா நின்னேன். நீ சந்தோஷப்படட்டும்னு."

"சந்தோஷம்!" அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் வேக்கம்மா நினைத்தாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாமா என்று யோசித்து, கையில் எண்ணெய் இருந்ததால் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனால் கையை எடுத்தபோது அந்தப் பெண்ணின் கண்ணில் ஈரம் இல்லை, கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் எவ்ளோ நேரம்?"

"தெரியலம்மா. நாப்பது, அம்பது..."

"அப்படி இல்ல. சரியா. வாயு ஒட்ட ஒட்ட அதிகமா பின்தங்கினா, அதுவே பெரிய கண்டுபிடிப்பு. சுத்தமான மேற்பரப்புன்னு எழுதினாதான் தப்பு. எத்தன நிமிஷத்துக்கு எத்தன ஃபெம்டோன்னு எழுதினா தப்பே இல்ல. ஆனா நிமிஷம் வேணும். நோட்டுல இல்ல. எங்க இருக்கும்?"

வேக்கம்மா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அக்கா, ஐம்பத்தெட்டு நிமிடம். அக்கா, நாற்பத்தாறு. நடுவில் கேஸ் கம்பெனி, ஒரு பல் டாக்டர், பேங்கிலிருந்து பதிவுசெய்த குரல். மறுபடி அக்கா. இந்த உலோகம் வந்த மாதத்தையும் தாண்டிப் பின்னால் போனது.

"எல்லாமே இருக்கு!" அவளுக்குக் குரலே மாறிவிட்டது. "கடைசி ஐநூறு கால்தான் போன்ல நிக்கும் வேக்கம்மா. என் போன்ல மூணு வாரத்துக்கு முந்தினது ஒண்ணுகூட இருக்காது. நல்லவேளை, உங்களுக்கு வேற யாரும் பண்றதில்ல."

அவள் கெட்டவள் இல்லை. சந்தோஷத்தில் வந்துவிட்டது. தான் என்ன சொன்னோம் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. வேக்கம்மா "ஆமா, நல்லவேளை" என்றாள்.

பேராசிரியரிடம் இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னார்கள். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. நோட்டை வாங்கி, பதினாலு மாதப் பக்கங்களையும் புரட்டி, ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டு, மேலே 'காத்திருந்த நேரம்' என்று தன் கையால் எழுதினார். "இனிமே இதையும் நிரப்புங்க" என்றார். அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களிடம் அவர் நோட்டைக் காட்டவில்லை. வேக்கம்மா அன்றைக்கும் பழக்கத்தில் ஸ்பேனரைத் தேடிக் குனிந்தாள், பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

கட்டம் போட்ட அந்த வாரத்திலேயே அழைப்புகளைக் கண்ணாடி கணினியில் ஏற்றினாள், ஒரு மதியம் முழுக்க ஆனது. வேக்கம்மா தேதியும் நிமிடமும் வாசிக்க, அவள் தட்டினாள்.

"எல்லாமே இன்கமிங்தானா? நீங்க ஒரு தடவகூடப் பண்ணலயா?"

"அவங்கதான் பண்ணுவாங்க. தரை காயணும்ல."

"என்ன தரை?"

"ஒண்ணுமில்ல. நீ எழுது."

கடைசிப் பக்கம் வந்தபோது நிமிடங்கள் இறங்கின. முப்பத்தொன்று. பதினெட்டு. ஒன்பது. நாலு. இரண்டு. வேக்கம்மா ஒவ்வொன்றாக, குரல் மாறாமல் வாசித்தாள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போன வேகம் அந்தத் தேதிகளில் அப்படியே இருந்தது. அக்காவிடம் கோபம் வந்தது. காய்கிற தரைக்குத் துணையாகத்தான் தன்னை வைத்திருந்தாள் என்று நினைத்தாள். நினைத்த உடனே வெட்கமாகவும் இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் தானாவது ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

கண்ணாடி ஒரு பொத்தானைத் தட்டினாள். தேதி எல்லாம் மறைந்து, நிமிடங்கள் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையில் நின்றன. திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு சாய்வாக மேலே ஏறியது. ரொம்ப அழகான கோடு. நாலு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஐம்பத்தெட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து ஃபெம்டோ நொடி.

"பாருங்க, உங்க அக்கா எவ்ளோ நேரம் பேசினாங்களோ அவ்ளோ பின்தங்குது!" கண்ணாடி கைதட்டிச் சிரித்தாள். "ஒரே ஒரு குறை. ஐம்பத்தெட்டுக்கு மேல புள்ளி இல்ல. அதுக்கப்புறமும் கோடு ஏறுதா, நின்னுடுதான்னு தெரியணும். எண்பது நிமிஷம் ஒண்ணு வேணும். வியாழக்கிழமை விட்டுப் பாக்கலாமா?"

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்குச் சுத்தம் முடிந்தது. வேக்கம்மா நோட்டில் பதினொன்று இருபது என்று எழுதினாள். போனில் எண்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்தாள். மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், ஜன்னலை ஒட்டிப் படியில் உட்கார்ந்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு அக்கா பெயரை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னடி? என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா? நீயா? நெஞ்சே நின்னு போச்சு எனக்கு. உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன். இங்க எண்பது நிமிஷம் சும்மா உக்காரணும். வேலையே அதான் இன்னிக்கி. சரி, உங்கூடப் பேசலாமேன்னு..."

"கொடுத்து வெச்சவ நீ. உக்காரச் சொல்லி ஒரு வேலை. இங்க நான் குளிக்கக்கூட... ஏய், அதத் தொடாத! தண்ணி சுடுது! இருடி, ஒரு நிமிஷம் இரு, வெச்சிடாத. இவனக் குளிப்பாட்டிட்டு வந்துடறேன்."

போனை எங்கேயோ கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது.

வேக்கம்மா காத்திருந்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம். குழந்தை வீரிட்டு அழுதது, பிறகு தண்ணீரில் காலை உதைத்து விளையாட ஆரம்பித்தது. அக்கா மகள் எங்கிருந்தோ துண்டு எங்கே என்று கத்தினாள். குக்கர் கூவியது. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை இவள் போனில் கேட்டதே இல்லை. முழங்கால் வலியும் குழாயும் பேசுகிற அக்காவிடம் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று தெரியாது. மேல் வீட்டு மாமியார் மருமகள் கதைக்கு இந்த வீட்டில் இடமே இல்லை.

பதினைந்து நிமிடம் கழித்துச் சின்னக் காலடிச் சத்தம் வந்தது. பெரிய பேத்தியாக இருக்க வேண்டும், நாலு வயது.

"பாட்டி, போன்ல யாரு?"

"யாருமில்ல கண்ணு. அப்பவே வெச்சாச்சு. அங்கயே வை, உடைச்சிடாத."

குழந்தை போனைத் திரும்பக் கவிழ்த்து வைத்தது. வேக்கம்மா வாயைத் திறந்தாள். அக்கா, நான் இங்கதான் இருக்கேன் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், குழந்தைக்குக் கேட்டிருக்கும். ஆனால் குரல் கொடுத்தால் அக்கா ஓடிவந்து, அடடா மறந்தே போயிட்டேன்டி என்று வருத்தப்பட்டு, அப்புறமா கூப்பிடறேன் என்று வைத்துவிடுவாள். இந்தச் சத்தமெல்லாம் நின்றுபோகும். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

குழந்தைக்குப் பவுடர் போட்டார்கள். பெரியவள் சாப்பிட மாட்டேன் என்றாள், கெஞ்சினார்கள், சாப்பிட்டாள். யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். யாரோ வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், மின்சாரம் எப்போது வந்தது என்று கேட்டார்கள். அக்கா குழந்தையைத் தூங்கவைக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் தட்டல் வெகு நேரம் கேட்டது. கண்ணீர் வந்தபோது வேக்கம்மா மூக்கை உறிஞ்சவில்லை, அந்தப் பக்கம் கேட்டுவிடும்.

அலாரம் அடித்தது. அவள்தான் இணைப்பைத் துண்டித்தாள். கீழே போய், கையுறை மாட்டி, துண்டைப் பக்கத்துக் கலத்துக்குத் தள்ளினாள். புதுக் கட்டத்தில் எண்பத்திரண்டு நிமிடம் என்று எழுதினாள். படியிறங்கி வர இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

மாலையில் கண்ணாடி திரையைத் திருப்பிக் காட்டினாள். எண்பத்திரண்டுக்கான புள்ளி, ஏறிவந்த அதே கோட்டின்மேல், பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அழைப்பு ஏதும் வந்ததா என்று சரிபார்க்கப் போனைக் கேட்டு வாங்கியவள், புருவத்தை உயர்த்தினாள்.

"அவுட்கோயிங்! எழுபத்தோரு நிமிஷம்! பழைய ரெக்கார்டையெல்லாம் உடைச்சிட்டீங்க வேக்கம்மா. அப்படி என்னதான் பேசினீங்க?"

"வீட்டு விஷயம்தான்."

"அக்கா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்றாள் வேக்கம்மா. "சிரிச்சிட்டு இருந்தாங்க."